சிங்கப்பூர்ல புது தொழிலுக்கு பணம் திரட்டறது: எது முதல்ல, எது அப்புறம்

புதுசா தொழில் ஆரம்பிக்கறவங்க வந்து உக்காந்ததும் கேக்கற முதல் கேள்வி "யாருகிட்ட பணம் கேக்கலாம்?" அதான். அது நாலாவதோ அஞ்சாவதோ கேக்க வேண்டிய கேள்விங்க. உங்க பாஸ் (இங்க தங்கி வேலை பாக்க குடுத்த அனுமதி) என்ன, தொழில் எந்த மாதிரி, பணம் எதுல போயி நிக்கப்போவுது, பங்கு யாரு யாரு பேருல இருக்கு, இதெல்லாம் சேர்ந்து எந்தக் கதவு உங்களுக்கு தொறக்கும் எது தொறக்காதுன்னு ஏற்கனவே முடிவு பண்ணிடுது. அது தெரியாம பிட்ச் டெக்க (முதலீட்டாளருக்கு காட்டற ஸ்லைடு) தூக்கிக்கிட்டு ஆறு மாசம் ஸ்டார்ட்அப் கம்பெனிங்க இருக்கற ஒன்-நார்த் பக்கமா அலைஞ்சிட்டு, கடைசில பேங்க் லோன் போதும்னு வந்து நிக்கறவங்கள பாத்துக்கிட்டேதான் இருக்கேன். அதனால வரிசையா எழுதறேன், தாண்டிப் போகாம படிங்க.

உக்காரும்போது கையில இருக்க வேண்டியது: கடைசி ஆறு மாச பேங்க் ஸ்டேட்மெண்ட், கம்பெனி ஏற்கனவே பதிஞ்சிருந்தா அக்ராவோட (கம்பெனி பதியற அரசாங்க அமைப்பு) பிஸ்ஃபைல் ப்ரொஃபைல் (கம்பெனி விவரம் இருக்கற பேப்பர்), உங்க சொந்த கிரெடிட் பியூரோ ரிப்போர்ட் (கடன் கட்டின வரலாறு), ஒரு காலி எக்ஸல் ஷீட். டெக் இப்ப வேணாம்.

1. உங்க பாஸ் என்னன்னு பாருங்க

இத யாரும் முதல்ல பாக்கறதில்ல, ஆனா நம்ம ஆளுங்களுக்கு இதுதான் பெரிய வேலி.

சிட்டிசனாவோ பிஆராவோ (நிரந்தரவாசி) இருந்தா பிரச்சினையே இல்ல, அடுத்த பகுதிக்கு போயிடுங்க. எம்ப்ளாய்மெண்ட் பாஸ்ல இருக்கறவங்க கம்பெனில பங்கு வெச்சிக்கலாம், ஆனா இறங்கி நடத்தக்கூடாது, பாஸ் எந்த முதலாளிக்கு எடுத்ததோ அவருக்கு மட்டும்தான் வேலை செய்யலாம். "சாயங்காலம்தான் பாக்கறேன், சனி ஞாயிறுதான் பாக்கறேன்"னு சொல்றதெல்லாம் எம்ஓஎம்கிட்ட (மனிதவள அமைச்சு) எடுபடாது. முதலீட்டாளர் இத கண்டிப்பா கேப்பாரு, ஏன்னா தொழில நடத்தறவரே சட்டப்படி நடத்த முடியாத நிலைமைல இருந்தா அவரோட பணம் அந்தரத்துல நிக்கும்.

டிபெண்டன்ட் பாஸ்ல (இங்க வேலை பாக்கறவரோட குடும்பத்துக்கு குடுக்கறது) இருக்கற அக்காமார் நிறைய பேரு இப்ப தொழில்ல இறங்கறாங்க. கம்பெனி டைரக்டரா இருந்து குறைஞ்சது 30 சதவீதம் பங்கு கையில இருந்தா தொழில் நடத்த அனுமதியான லெட்டர் ஆஃப் கன்சென்ட் கேக்கலாம். இதுல ஒண்ணு கவனிங்க, பின்னாடி முதலீடு வாங்கி வாங்கி உங்க பங்கு 30க்கு கீழ எறங்கிச்சுன்னா பாஸ் விஷயமும் சேர்ந்து ஆடும்.

என்ட்ரபாஸ் (இங்க தொழில் தொடங்க வர்றவங்களுக்கான பாஸ்) எடுக்க பல வழி இருக்கு, அதுல ஒண்ணு அங்கீகாரம் உள்ள விசிகிட்டேர்ந்தோ (வளர்ற கம்பெனில பங்குக்கு பணம் போடற ஃபண்டு) ஏஞ்சல்கிட்டேர்ந்தோ (சொந்தக் காச போடற தனி முதலீட்டாளர்) குறைஞ்சது 100,000 வெள்ளி முதலீடு வாங்கியிருக்கறது. அப்படி போறவங்களுக்கு வரிசையே தலைகீழ், பணம் முதல்ல பாஸ் அப்புறம்.

எந்த பிரைவேட் லிமிடெட் கம்பெனிக்கும் சிங்கப்பூர்ல குடியிருக்கற டைரக்டர் ஒருத்தராவது இருக்கணும். ஊர்லேர்ந்து வந்து தொடங்கறவங்க நாமினி டைரக்டர் (பேருக்கு ஒரு உள்ளூர் ஆளு) போடுவாங்க, அதுக்கு வருஷா வருஷம் காசு. அந்தச் செலவையும் ஷீட்ல சேத்துக்குங்க.

2. பணம் எதுக்குன்னு உடைச்சு எழுதுங்க

"ஒரு 150,000 வெள்ளி வேணும்"னு சொல்றது போதாது. அந்த 150,000 என்னவா மாறப்போவுதுன்னு எழுதணும், ஏன்னா பணம் எதுவா மாறுதோ அத வெச்சுத்தான் யாரு குடுப்பாங்கன்னு முடிவாகும்.

ஒரு உதாரணம் எடுத்துக்குவோம். தோசை மாவு தொழில். இதுவரைக்கும் வீட்டு அளவுல பண்ணது, இப்ப உணவகங்களுக்கும் மினிமார்ட்டுக்கும் சப்ளை பண்ண ஒரு ஃபேக்டரி யூனிட் எடுக்கணும். கணக்கு இப்படி வருதுன்னு வெச்சிக்குங்க: கிரைண்டர், குளிர் அறை, பேக்கிங் மெஷின் 60,000. யூனிட்டுக்கு டெபாசிட்டும் ரெனவேஷனும் 30,000. மிச்சம் 60,000 புழங்கறதுக்கு.

அந்தக் கடைசி 60,000 எப்படி வந்துச்சுன்னு கேட்டா முக்காவாசி பேரு "சும்மா ஒரு சேஃப்டிக்கு"ன்னு சொல்றாங்க. அப்படி சொல்லக்கூடாது. மாசம் 40,000 வெள்ளிக்கு மாவு போகுது, உணவகங்க 45 நாள் கழிச்சுத்தான் காசு குடுக்கறாங்க, அப்ப ஒன்றரை மாச வியாபாரம், அதாவது 60,000, எப்பவும் வெளில நிக்கும். அரிசி உளுந்து கடைக்காரரோ ரொக்கம் கேக்கறாரு. இப்படி சொன்னா பேங்க் ஆபீசருக்கு உடனே புரியும், "இவங்களுக்கு தொழில் தெரியும்"னு ஒரு நம்பிக்கையும் வரும்.

இப்ப ஒவ்வொண்ணையும் தனித்தனியா பாருங்க. மெஷினுக்கு மெஷினே அடமானம், அதனால ஹையர் பர்ச்சேஸ் (தவணைல வாங்கறது) கிடைக்கும். வெளில நிக்கற காசுக்கு ஒர்க்கிங் கேப்பிட்டல் லோனோ (புழங்கறதுக்கு வாங்கற கடன்) இன்வாய்ஸ் ஃபைனான்சிங்கோ (வர வேண்டிய பில்ல காட்டி வாங்கற கடன்) போடலாம். ரெனவேஷன் காசு செவுத்துல போனது போனதுதான், யாரும் அடமானமா எடுத்துக்க மாட்டாங்க, அது சொந்தக் காசா இருக்கறது நல்லது. பாருங்க, 150,000ல பங்க விக்க வேண்டிய தேவையே இல்லாம போச்சு.

அதே 150,000 ரெண்டு ப்ரோகிராமருக்கு ஒரு வருஷ சம்பளம்னா கதை வேற. பேங்க் வந்து ஜப்தி பண்ண அங்க ஒண்ணும் கிடையாது, ரெண்டு லேப்டாப்பத் தவிர. அதுக்கு பங்கு குடுத்து வாங்கற பணமோ மானியமோ சொந்தக் காசோதான் வழி.

ஷீட்ல மாசா மாசம் வர்றது, போறது, கையிருப்பு மூணு வரி போட்டு 18 மாசத்துக்கு இழுங்க. கையிருப்பு எந்த மாசம் சைபருக்கு போகுதோ அதுலேர்ந்து ஆறு மாசம் முன்னாடி பணம் தேட ஆரம்பிக்கணும். முதல் பேச்சுலேர்ந்து அக்கவுண்ட்ல காசு விழற வரைக்கும் மூணு மாசத்துலேர்ந்து ஆறு மாசம் சாதாரணமா ஆகும், நடுவுல சீனப் புத்தாண்டோ டிசம்பர் லீவோ வந்தா இன்னும் இழுக்கும்.

3. உங்க தொழில் எந்தப் பணத்துக்கு பொருந்தும்

விசி எல்லாருக்கும் இல்ல. இத சொன்னா சில பேருக்கு கோவம் வருது, "என் தொழில் நல்லா லாபம் பண்ணுதே"ன்னு. லாபம் இருக்கறது வேற, விசிக்கு பொருந்தறது வேற.

விசி ஃபண்டோட கணக்கு இதுதான். ஃபண்டுக்கு வழக்கமா பத்து வருஷம் ஆயுசு, அதுக்குள்ள போட்டத பெருக்கி தன்கிட்ட பணம் குடுத்தவங்களுக்கு திருப்பிக் குடுக்கணும். 50 மில்லியன் வெள்ளி ஃபண்டு ஒண்ணு உங்ககிட்ட 10 சதவீதம் வெச்சிருக்குன்னு வைங்க, நீங்க பிற்பாடு கம்பெனிய 5 மில்லியனுக்கு வித்தீங்கன்னா அவங்களுக்கு 500,000. உங்களுக்கு அது வாழ்க்கையே மாறற தொகை, அவங்களுக்கு ஃபண்டுல நூத்துல ஒரு பங்கு. அவங்க போடற கம்பெனில பாதிக்கு மேல ஒண்ணுமில்லாம போயிடும்னு தெரிஞ்சேதான் போடறாங்க, அதனால ஜெயிக்கறது ஒண்ணு ரெண்டாவது மத்ததோட நட்டத்தையும் சேத்து தூக்கற அளவுக்கு பெருசாகணும். மாவுத் தொழில் நல்ல தொழில்தான், பத்து வருஷத்துல நூறு மடங்கு ஆகுமான்னு கேட்டா நீங்களே சிரிப்பீங்க.

நாலு விஷயத்த பாத்தா போதும்: அடமானம் வெக்க ஏதாவது இருக்கா, மாசா மாசம் காசு வருதா, வேகமா பல ஊருக்கு பரவ முடியுமா, இன்னொருத்தர் வந்து முடிவெடுக்கறத உங்களால தாங்க முடியுமா. முதல் ரெண்டுக்கும் ஆமான்னா கடன் பக்கம் போங்க. மூணாவது நாலாவதுக்கு ஆமான்னா பங்கு பக்கம். எதுக்குமே ஆமா இல்லேன்னா இன்னும் கொஞ்ச நாள் சொந்தக் காசுலயும் கஸ்டமர் காசுலயும் ஓட்டுங்க. கஸ்டமர்கிட்ட பாதி அட்வான்ஸ் வாங்கறதுதான் இருக்கறதுலயே மலிவான பணம், கேக்கத்தான் நம்ம ஆளுங்க கூச்சப்படறாங்க.

4. கம்பெனிய பதிஞ்சு, உள்வீட்டு பேப்பர முடிங்க

பதியறது சுலபம்: பேருக்கு 15, பதிவுக்கு 300, ஆக 315 வெள்ளி அக்ராவுக்கு. பெய்ட்-அப் கேப்பிட்டல் (பங்குக்காக உள்ள போடற மூலதனம்) 1 வெள்ளியே போதும். ஆறு மாசத்துக்குள்ள கம்பெனி செக்ரட்டரி போடணும். இதெல்லாம் யாரும் தடுக்கி விழற இடம் இல்ல.

விழறது பங்கு பிரிக்கறதுல. மூணு சிநேகிதங்க கோப்பிக்கடைல உக்காந்து ஆளுக்கு 33ன்னு பேசி பதிஞ்சிடறாங்க. எட்டு மாசத்துல ஒருத்தருக்கு நல்ல வேலை கிடைச்சு போயிடறாரு, 33 சதவீதமும் அவரோடவே போயிடுது. அப்புறம் வர்ற முதலீட்டாளர் ஷேர்ஹோல்டர் லிஸ்ட பாத்ததும் "இவரு யாரு, இப்ப என்ன பண்றாரு?"ன்னுதான் கேப்பாரு. வேலையே செய்யாத ஆளுகிட்ட மூணுல ஒரு பங்கு இருக்கற கம்பெனிக்குள்ள யாரும் காசு போட விரும்ப மாட்டாங்க.

அதனால வெஸ்டிங் போடுங்க. வழக்கமா நாலு வருஷம், முதல் ஒரு வருஷம் முடியறதுக்குள்ள போனா ஒண்ணும் கிடையாது, அதுக்கப்புறம் மாசா மாசம் கொஞ்சம் கொஞ்சமா சொந்தமாகும். நடுவுல விட்டுட்டுப் போறவர் மிச்சப் பங்க பேருக்கு ஒரு விலைக்கு திருப்பிக் குடுக்கணும்னு ஷேர்ஹோல்டர் அக்ரிமெண்ட்ல எழுதிக்கணும். சிநேகிதங்களுக்குள்ள இத பேசறது சங்கடம்தான், ஆனா பணம் வர்றதுக்கு முன்னாடி பேசற சங்கடம் சின்னது.

இன்னொண்ணு நம்ம ஆளுங்களுக்கே உரியது. சாஃப்ட்வேர் ஆப்ப சென்னைலயோ கோயம்புத்தூர்லயோ இருக்கற மச்சான், மச்சானோட ஃப்ரெண்டு எழுதியிருப்பாரு, காசு வாட்ஸ்ஆப்ல பேசி அனுப்பியிருப்பாங்க. தனியா வேலை எடுத்து செய்யறவர் எழுதின ப்ரோகிராம் கோடு, காசு குடுத்துட்டாலும், எழுத்துல உங்களுக்கு மாத்தித் தராத வரைக்கும் பொதுவா அவருக்குத்தான் சொந்தம். கம்பெனி பேருக்கு எல்லா உரிமையும் மாத்தித் தர்றேன்னு ஒரு பேப்பர் கையெழுத்து வாங்குங்க, லோகோ போட்டவர்கிட்டயும் வாங்குங்க. உறவு நல்லா இருக்கும்போதே வாங்குங்க, ஏன்னா உங்களுக்கு முதலீடு வந்துச்சுன்னு தெரிஞ்சப்புறம் அந்தக் கையெழுத்தோட விலை ஏறிடும். நீங்க ஏற்கனவே வேலை பாத்துக்கிட்டு இருந்தப்ப எழுதினதுன்னா உங்க வேலை ஒப்பந்தத்தயும் எடுத்துப் படிங்க, அது முதலாளிக்கு சொந்தம்னு இருக்கலாம்.

5. மானியம்: செலவு பண்றதுக்கு முன்னாடி

மானியத்த நாலாவதுக்கு அப்புறம் வெச்சதுக்கு காரணம் கம்பெனியும் பங்கும் தெளிவா இல்லாம விண்ணப்பமே போட முடியாது. முதலீட்டுக்கு முன்னாடி வெச்சதுக்கு காரணம் மானியத்துக்கு பங்கு குடுக்க வேண்டாம்.

முதல் தடவை தொழில் தொடங்கறவங்களுக்கு ஸ்டார்ட்அப் எஸ்ஜி ஃபவுண்டர்ங்கற மானியம் இருக்கு, 2020ல 30,000லேர்ந்து 50,000 வெள்ளியா ஏத்தினாங்க, நீங்க 10,000 போடணும். நேரா எண்டர்பிரைஸ் சிங்கப்பூர்கிட்ட (மானியம் குடுக்கற அரசாங்க அமைப்பு) போக முடியாது, அங்கீகாரம் பெற்ற மென்டர் பார்ட்னர் ஒருத்தர் வழியாத்தான் போகணும். கஃபே, ரெஸ்டாரண்ட், மசாஜ் பார்லர் மாதிரி சில தொழிலுக்கு கிடையாது. கம்பெனிய பதியறதுக்கு முன்னாடியே அந்த மென்டர் பார்ட்னர்கிட்ட ஒரு தடவை பேசிடுங்க, முன்னாடி பேருல ஏதாவது கம்பெனி இருந்தாலோ, பதிஞ்சு நாளாகிட்டாலோ தகுதி போகலாம்.

பிஎஸ்ஜி (ரெடிமேட் சிஸ்டம் வாங்க குடுக்கற மானியம்), ஈடிஜி (தொழில மேம்படுத்தற ப்ராஜெக்ட்டுக்கு குடுக்கற மானியம்) ரெண்டும் ஓடற கம்பெனிக்கானது. ரெண்டுலயும் எல்லாரும் செய்யற தப்பு ஒண்ணுதான்: சிஸ்டத்துக்கு டெபாசிட் கட்டிட்டு அப்புறம் விண்ணப்பம் போடறது. வெண்டர்கிட்ட கையெழுத்து போட்டாச்சு, காசு கட்டியாச்சுன்னா அந்த ப்ராஜெக்ட்டுக்கு மானியம் கிடைக்காது. மானியம் இல்லேன்னா செய்ய முடியாதுன்னுதான குடுக்கறாங்க, நீங்கதான் ஏற்கனவே செஞ்சிட்டீங்களே.

ரெண்டாவது தப்பு, மானியத்த கையிருப்பா நெனைக்கறது. 40,000 வெள்ளி ப்ராஜெக்ட்டுக்கு 50 சதவீதம் ஒத்துக்கிட்டாங்கன்னா 20,000 முன்னாடி வராது. முழு 40,000ஐயும் நீங்க கட்டி, வேலைய முடிச்சு, பில்லு ரசீதெல்லாம் போட்டு க்ளெயிம் பண்ணப்புறம்தான் வரும். அது வரைக்கும் அந்தக் காசு எங்கேர்ந்து வரும்னு ஷீட்ல ஒரு வரி இருக்கணும்.

ஈடிஜிக்கும் பேங்க் வழியா வர்ற அரசாங்க ஆதரவுக் கடனுக்கும் குறைஞ்சது 30 சதவீதம் பங்கு சிங்கப்பூரர் கையிலயோ பிஆர் கையிலயோ இருக்கணும். ஊர்ல இருக்கற மாமா பெரிய தொகை போட்டு 75 சதவீதம் எடுத்துக்கிட்டாருன்னா இந்த ரெண்டு கதவும் ஒரே நாள்ல மூடிடும். மாமா பணம் வாங்கறது தப்பில்ல, எவ்வளவு பங்குக்கு வாங்கறீங்கன்னு கணக்கு பாத்து வாங்குங்க.

6. சொந்தக்காரங்க, சிநேகிதங்க பணம்

இங்க ஒரே ஒரு விதி: அது கடனா பங்கான்னு அன்னைக்கே எழுதுங்க. எழுதாம வாங்கின 20,000 வெள்ளி, தொழில் நல்லா போனா "நான் போட்டது பங்கு"ன்னு ஆகும், நட்டமானா "நான் குடுத்தது கடன்"னு ஆகும். சித்தப்பாவ குத்தம் சொல்லி பிரயோஜனமில்ல, யாரா இருந்தாலும் அப்படித்தான் ஞாபகம் வரும். ஒரு பக்கம் போதும், தொகை, தேதி, கடன்னா எப்ப திருப்பணும், பங்குன்னா எத்தன, ரெண்டு கையெழுத்து.

அடுத்து வாட்ஸ்ஆப். "சிங்கப்பூர் தமிழ் ஃப்ரெண்ட்ஸ்" மாதிரி குரூப்ல ஒருத்தர் போஸ்ட் போடுவாரு: "என் கம்பெனில முதலீடு செய்யுங்க, வருஷம் 12 சதவீதம் உறுதி, இன்பாக்ஸ் வாங்க." தயவுசெஞ்சு இத செய்யாதீங்க லா. பங்கையோ கடன் பத்திரத்தயோ பொதுமக்கள்கிட்ட விக்கணும்னா ப்ராஸ்பெக்டஸ் (முதலீட்டு விவர அறிக்கை) வேணும், அதுலேர்ந்து விலக்கு வேணும்னா வரம்பு இருக்கு: 12 மாசத்துல 50 பேருக்கு மேல கேக்காம இருக்கறது ஒண்ணு, 12 மாசத்துல மொத்தம் 5 மில்லியன் வெள்ளிக்குள்ள நேர்ல அறிமுகம் உள்ளவங்ககிட்ட மட்டும் கேக்கறது இன்னொண்ணு. ரெண்டுக்குமே விளம்பரம் பண்ணக்கூடாது. முந்நூறு பேரு இருக்கற குரூப்ல போட்டா அது விளம்பரம் இல்லாம வேற என்ன? 50 பேருங்கறதும் காசு குடுத்தவங்க எண்ணிக்கை இல்ல, நீங்க கேட்டவங்க எண்ணிக்கை. "உறுதி"ங்கற வார்த்தை அதுக்கும் மேல வில்லங்கம்.

பத்து பேருகிட்ட ஆளுக்கு கொஞ்சம் பங்கு குடுக்கறதுலயும் பின்விளைவு இருக்கு. பிரைவேட் கம்பெனிக்கு 50 ஷேர்ஹோல்டர்தான் உச்சம். புது கம்பெனிக்கு ஐராஸ் (வரி வசூல் அமைப்பு) முதல் மூணு வருஷம் குடுக்கற வரி விலக்குக்கோ 20 பேருக்கு மேல போகக்கூடாது, அதுலயும் எல்லாரும் தனிநபரா இருக்கணும், இல்லேன்னா ஒரு தனிநபராவது 10 சதவீதம் வெச்சிருக்கணும். 200,000 வெள்ளி வரிக்குரிய வருமானத்துக்கு சாதாரண விலக்கோட ஒப்பிட்டா வருஷத்துக்கு 3,825 வெள்ளிதான் வித்தியாசம். இதுக்காக நல்ல முதலீட்டாளர விட வேணாம், தெரியாம இழக்கவும் வேணாம்.

7. பேங்க் கடன்

பேங்க் பாக்கறது கம்பெனிய மட்டும் இல்ல, உங்களையும். கிரெடிட் பியூரோ ரிப்போர்ட்ல கிரெடிட் கார்டு கட்டாம விட்டது இருந்தா அத சரி பண்ணிட்டு போங்க. பல பேங்க் ரெண்டு வருஷமாவது ஓடின கம்பெனிய எதிர்பாக்கும், அதுக்கு குறைஞ்ச வயசு கம்பெனிக்கு சின்ன தொகைல தனித் திட்டம் வெச்சிருக்கற பேங்கும் இருக்கு, கேட்டுப் பாருங்க.

எண்டர்பிரைஸ் ஃபைனான்சிங் ஸ்கீம்ல (முன்னாடி சொன்ன அரசாங்க ஆதரவுக் கடன் திட்டம்) எஸ்எம்ஈ (சின்ன, நடுத்தர கம்பெனி) ஒர்க்கிங் கேப்பிட்டல் லோன் 500,000 வெள்ளி வரைக்கும் உண்டு. இதுல அரசாங்கம் பேங்கோட ரிஸ்க்ல பாதிய ஏத்துக்கும், அஞ்சு வருஷத்துக்குள்ள ஆன இளம் கம்பெனிக்கு 70 சதவீதம் வரைக்கும். இத கேட்டுட்டு "நட்டமானா 70 சதவீதம் கவர்ன்மெண்ட் கட்டிடும்"னு நெனைக்கறவங்க ஏராளம். இல்லவே இல்ல. கட்ட வேண்டியது நீங்க, முழுசா. பேங்க் எல்லா வழிலயும் வசூல் பண்ணிப் பாத்தப்புறம் வராம போனதுல அவங்க நட்டத்தத்தான் அரசாங்கம் பங்கு போட்டுக்கும். டைரக்டருங்க பர்சனல் கேரண்டி (கம்பெனி கட்டலேன்னா நான் கட்டறேன்னு) கையெழுத்து போட்டிருப்பாங்க, பிரைவேட் லிமிடெட்ல இருக்கற பாதுகாப்பு அந்தக் கையெழுத்தோட போயிடும். மனைவியயும் டைரக்டரா போட்டிருந்தா அவங்க கையெழுத்தயும் கேக்கலாம், வீட்ல முன்னாடியே உக்காந்து பேசிடுங்க.

வீடு? எச்டிபி (அரசாங்க அடுக்குமாடி) வீட்ட தொழில் கடனுக்கு அடமானம் வெக்க முடியாது. சிபிஎஃப் (ஓய்வுகால சேமிப்பு) பணத்தயும் தொழிலுக்கு எடுக்க முடியாது. காண்டோ (தனியார் அடுக்குமாடி வீடு) வெச்சிருக்கறவங்களுக்கு மட்டும் அந்த வழி இருக்கு, அதனாலதான் ஒரே தொழில் பண்ற ரெண்டு பேருல ஒருத்தருக்கு சுலபமாவும் இன்னொருத்தருக்கு கஷ்டமாவும் இருக்கறது. நியாயமான்னு கேக்காதீங்க.

ஒரே வாரத்துல அஞ்சு பேங்க்ல விண்ணப்பம் போடாதீங்க, ஒவ்வொரு விசாரிப்பும் ரிப்போர்ட்ல தெரியும். பொருந்தற ரெண்டு பாத்துப் போடுங்க.

8. ஏஞ்சல், விசி

இங்க வர்றவங்க மூணாவது பகுதில தேறினவங்கதான்னு வெச்சிக்கறேன்.

பான்சி, ஏஞ்சல்சென்ட்ரல் மாதிரி ஏஞ்சல் குழுக்கள் இங்க இருக்கு, ஆன்ட்லர் மாதிரி ரொம்ப ஆரம்பத்துலயே போடறவங்களும் இருக்காங்க. முதல்ல 40 பேரு லிஸ்ட் போடுங்க, ஒவ்வொருத்தர் பக்கத்துலயும் மூணு விஷயம் எழுதுங்க: இந்தத் துறைல போட்டிருக்காங்களா, எவ்வளவு போடுவாங்க, உங்க போட்டிக்காரர் கம்பெனில ஏற்கனவே போட்டிருக்காங்களா. மூணாவது ரொம்ப முக்கியம், போட்டிருந்தா உங்க டெக் எங்க போகும்னு யோசிங்க.

தெரிஞ்சவர் ஒருத்தர் அறிமுகம் பண்ணா பதில் வரும், தெரியாத மெயிலுக்கு பெரும்பாலும் வராது. யாரு அறிமுகம் பண்றாங்கங்கறதும் கணக்குல வரும், அந்த முதலீட்டாளர் ஏற்கனவே காசு போட்டு நல்லா நடத்தற வேற கம்பெனிக்காரர்தான் சிறந்தவர். சங்க விழாவுல கை குலுக்கினவர் இல்ல. லிஸ்ட்ல உங்களுக்கு ரொம்ப புடிச்சவங்கள முதல்ல பாக்காதீங்க, நடுவுல இருக்கற நாலு அஞ்சு பேருகிட்ட பேசிப் பழகிட்டு அவங்க கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் தயார் பண்ணிட்டு போங்க.

டெக் பத்து பன்னெண்டு பக்கம் போதும். கண்டிப்பா வர்ற கேள்வி ஒண்ணு: "சிங்கப்பூர் ஆறு மில்லியன் ஆளு உள்ள ஊரு, அடுத்து எங்க?" நம்ம ஆளுங்க எல்லாரும் சட்டுனு "சென்னை"ன்னு சொல்லிடறாங்க. சென்னைல விலை என்ன, அங்க யாரு நடத்துவாங்க, இங்க 20 வெள்ளிக்கு விக்கறத அங்க எவ்வளவுக்கு விப்பீங்கன்னு அடுத்த கேள்விலயே மாட்டிக்கறாங்க. மொழி தெரியும்ங்கறதால மார்க்கெட் தெரியும்னு ஆகாது. ஜோகூர்லயோ கேஎல்லயோ பத்து கஸ்டமர் காசு குடுத்து வாங்கியிருக்காங்கன்னு காட்டினா அது சென்னை கனவ விட பெரிய விஷயம்.

ஆரம்பத்துல பேப்பர் பெரும்பாலும் சேஃப் (பணத்த இப்ப குடுத்துட்டு, பங்க பின்னாடி விலை வெச்சு வர்ற ரவுண்டுல வாங்கிக்கற ஒப்பந்தம்) தான். ஒய் காம்பினேட்டர் 2013ல கொண்டு வந்தது, 2018லேர்ந்து போஸ்ட்-மணி (சேஃப் பணத்தயும் சேத்து மதிப்பு போடற) வடிவம் புழக்கத்துல இருக்கு. சிங்கப்பூர் சட்டத்துக்கு ஏத்த மாதிரி கேர்னு ஒண்ணு விமா ஒப்பந்தத் தொகுப்புல இருக்கு, சிங்கப்பூர் அகாடமி ஆஃப் லாவும் எஸ்விசிஏவும் (விசிங்களோட சங்கம்) சேர்ந்து போட்டது, இலவசமாவே எடுத்துக்கலாம். அத வெச்சு வேலை செஞ்சா வக்கீல் செலவு நிறைய மிஞ்சும்.

சேஃப்ல கணக்க கவனிங்க. 200,000 வெள்ளி, போஸ்ட்-மணி கேப் (மதிப்புக்கு உச்ச வரம்பு) 2 மில்லியன்னா 10 சதவீதம் போச்சு. நாலு மாசம் கழிச்சு இன்னொருத்தர் 300,000, கேப் 3 மில்லியன், அதுவும் 10 சதவீதம். ரெண்டாவது சேஃப் முதல் சேஃப்காரர குறைக்காது, ரெண்டும் சேர்ந்து உங்க பங்குலேர்ந்துதான் போகும், நீங்க 80ல நிப்பீங்க. அப்புறம் விலை வெச்சு ஒரு ரவுண்டு வந்து 20 சதவீதம் எடுத்தா 80ல அஞ்சுல ஒரு பங்கு போயி 64. ஊழியர்களுக்கு ஒதுக்கற பங்கு இதுக்கு மேல. ஒவ்வொரு சேஃப்லயும் கையெழுத்து போடறதுக்கு முன்னாடி இந்த ஷீட்ட ஒரு தடவை ஓட்டிப் பாருங்க, கையெழுத்து போட்டப்ப பங்கு ஒண்ணும் மாறலையேன்னு தோணும், மாறும்போது மொத்தமா மாறும்.

9. டேர்ம் ஷீட்ல எத பாக்கணும்

டேர்ம் ஷீட்ல (முதலீட்டோட நிபந்தனைங்க எழுதின பேப்பர்) எல்லாரும் வேல்யுவேஷன் (கம்பெனி மதிப்பு) எவ்வளவுன்னு ஒரே நம்பர பாக்கறாங்க. நான் முதல்ல பாக்கறது லிக்விடேஷன் ப்ரிஃபரன்ஸ், கம்பெனிய வித்தா யாரு முதல்ல எவ்வளவு எடுப்பாங்கங்கறது.

1 மில்லியன் போட்டு 20 சதவீதம் எடுத்திருக்காங்க, கம்பெனி 3 மில்லியனுக்கு விலை போகுது. ஒரு மடங்கு, நான்-பார்ட்டிசிபேட்டிங்னா போட்ட 1 மில்லியன் இல்ல 20 சதவீதமான 600,000, எது பெருசோ அது, ஆக 1 மில்லியன். மிச்ச 2 மில்லியன் உங்க எல்லாருக்கும். பார்ட்டிசிபேட்டிங்னா முதல்ல 1 மில்லியன், அப்புறம் மிச்ச 2 மில்லியன்லயும் 20 சதவீதம், மொத்தம் 1.4 மில்லியன். ஒரே ஒரு வார்த்தைல உங்க பக்கத்துலேர்ந்து 400,000 போயிடுச்சு, வேல்யுவேஷன் ரெண்டுலயும் ஒண்ணுதான்.

அடுத்து எந்தெந்த முடிவுக்கு அவங்க அனுமதி வேணும்ங்கற லிஸ்ட். புதுப் பங்கு வெளியிடறது, கம்பெனிய விக்கறதுக்கெல்லாம் கேக்கறது வழக்கம். 5,000 வெள்ளிக்கு மேல செலவுக்கெல்லாம் கேக்கணும்னு இருந்தா மாத்தச் சொல்லுங்க, தொழில் நடத்த முடியாது.

டேர்ம் ஷீட் வந்தப்புறம் டியூ டிலிஜன்ஸ், அதாவது அவங்க உங்க பேப்பரெல்லாம் சரிபாக்கறது. நாலாவது பகுதி பேப்பரெல்லாம் இங்கதான் வெளில வரும். சிபிஎஃப் அடுத்த மாசம் 14ஆம் தேதிக்குள்ள கட்டினீங்களா, அக்ராவுக்கு வருஷாந்திர ரிட்டர்ன் போட்டீங்களா, ஐராஸ் பாக்கி இருக்கான்னு பாப்பாங்க. தொகை சின்னதுதான், ஆனா சிபிஎஃப்ப தாமதமா கட்டின ரெக்கார்ட பாத்தா "காசு இல்லாம தவிச்சிருக்காங்க"ன்னு புரிஞ்சிக்கிட்டு விலைய குறைச்சுப் பேசுவாங்க.

10. காசு வந்தப்புறம் முதல் மாசம்

பங்கு வெளியிடறதா இருந்தா ஷேர்ஹோல்டர் அனுமதி, டைரக்டர் தீர்மானம், அப்புறம் 14 நாளைக்குள்ள அக்ராவுல ரிட்டர்ன் ஆஃப் அலாட்மெண்ட் (யாருக்கு எத்தன பங்கு ஒதுக்கினீங்கங்கற விவரம்). அக்ராவோட மின்-பதிவேட்டுல ஏறின நாள்லேர்ந்துதான் பங்கு செல்லும், அதனால செக்ரட்டரி பாத்துக்குவாருன்னு விட்டுடாம புது பிஸ்ஃபைல் ப்ரொஃபைல் எடுத்து பேரும் எண்ணிக்கையும் சரியான்னு நீங்களே பாருங்க. சேஃப்னா இப்ப ஒண்ணும் பதிய வேண்டியதில்ல, ஆனா உங்க கேப் டேபிள்ல (யாருக்கு எவ்வளவு பங்குங்கற அட்டவணை) தனி வரியா எழுதி வைங்க, ஒரு வருஷம் கழிச்சு எத்தன சேஃப் போட்டோம்னு மெயில்ல தேடிக்கிட்டு உக்காரக்கூடாது.

டைரக்டர் லோன் விஷயம்: நீங்க முன்னாடி கம்பெனிக்கு போட்ட சொந்தக் காச புதுப் பணத்துலேர்ந்து திருப்பி எடுத்துக்கலாம்னு நெனைச்சா அத டேர்ம் ஷீட் பேசும்போதே சொல்லியிருக்கணும். காசு வந்தப்புறம் எடுத்தா அந்த முதலீட்டாளர்கிட்ட ரெண்டாவது தடவை போக முடியாது.

மாசா மாசம் ஒரு சின்ன மெயில் அனுப்புங்க: விற்பனை, கையிருப்பு, எத்தன மாசம் தாங்கும், என்ன சரியில்ல, என்ன உதவி வேணும். அஞ்சு வரி, நல்ல மாசத்துக்கும் கெட்ட மாசத்துக்கும் அதே அஞ்சு வரி. மூணு மாசம் சத்தமில்லாம இருந்துட்டு நாலாவது மாசம் "இன்னொரு 100,000 வேணும்"னு வர்ற மெயில யாரும் உடனே தொறக்கறதில்ல.